வருடக்கணக்கில் பூட்டி வைக்கப் போகும் வீட்டுச் சாமான்களைத் தயார் செய்வது எப்படி?

வேலை வேறு ஊருக்கு மாறுகிறது. வீட்டை இடித்துக் கட்டுகிறோம். படிக்க வெளிநாடு போகிறோம். பெற்றோர் காலமாகிவிட, அவர்கள் இருந்த வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. இப்படி ஏதோ ஒரு காரணத்தால் வீட்டுச் சாமான்களை வாடகை ஸ்டோரேஜ் அறையில் ஓரிரு வருடம் பூட்டி வைக்கும் நிலை வருகிறது. முதல் முறையாக இதைச் செய்யப் போகிறவர்களுக்காக, நான் செய்து பார்த்ததையும் தவறவிட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பூட்டி வைக்கும்போது எல்லோரும் பயப்படுவது திருட்டுக்கும் உடைசலுக்கும்தான். நானும் அப்படித்தான் பயந்தேன். மூன்று வருடம் கழித்துத் திறந்தபோது எதுவும் திருடு போயிருக்கவில்லை. ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையவில்லை. ஆனால் பிளாஸ்டிக் ஷீட்டில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்த மெத்தை முழுக்கக் கரும்புள்ளியாகப் பூஞ்சை. அம்மாவின் பழைய ஆல்பத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகத்தோடு உரிந்து வந்தன. கூரை ஒழுகவில்லை, வெள்ளம் வரவில்லை. அந்த ஈரம் முழுக்க நானே உள்ளே வைத்துக் கட்டியது. மெத்தை போனால் வேறு வாங்கலாம். அந்தப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

பெட்டியை மூடும்போது பொருளோடு அன்றைய ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். அதனால் அடுக்குவதற்கு முன் காய வைப்பதுதான் இதில் பெரிய வேலை. அடுக்குவது, கட்டுவது எல்லாம் அதற்கு அடுத்துதான்.

ஈரத்தின் கணக்கு

கொஞ்சம் கணக்குப் பார்த்தால் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரியும். 10 அடிக்கு 10 அடி, 8 அடி உயரமுள்ள அறையில் ஏறக்குறைய 22, 23 கன மீட்டர் காற்று இருக்கும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் தாங்கும். பகல் சூட்டில் ஈரத்தோடு அடைபட்ட காற்று இரவில் குளிரும்போது, தாங்க முடியாத மிச்சம் எங்காவது இறங்கியாக வேண்டும். இரும்பு பீரோவின் உட்புறம், முகம் பார்க்கும் கண்ணாடி, பிளாஸ்டிக் உறையின் உள்பக்கம் என்று குளிர்ந்த இடமாகப் பார்த்து முத்து முத்தாகப் படிகிறது.

துணியிலும் காகிதத்திலும் மரத்திலும் இருப்பது இன்னும் அதிகம். தொட்டால் நன்றாகக் காய்ந்ததாகத் தெரியும் பருத்தித் துணியில்கூட அதன் எடையில் 7, 8 சதவீதம் ஈரம் இருப்பது சாதாரணம். பத்துக் கிலோ துணி வைத்த பெட்டியில் முக்கால் லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது துணியோடு பிணைந்த ஈரம், தானாகக் கெடுதல் செய்யாது. ஆனால் தையல் மடிப்பிலும் எலாஸ்டிக்கிலும் சரியாகக் காயாமல் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் பூஞ்சைக்கு அது போதும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும்.

இங்கேதான் பலர் சிலிக்கா ஜெல் பாக்கெட்டை நம்பி ஏமாந்து போகிறார்கள். சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஈரம் இழுக்கும். 5 கிராம் பாக்கெட் ஒன்றரை கிராமோடு நின்றுவிடும். முக்கால் லிட்டருக்கு முன்னால் அது என்ன செய்யும்? அட்டைப் பெட்டியில் போட்டால் இன்னும் வீண், ஏனென்றால் அட்டை வழியாக வெளிக்காற்று வந்து போய்க்கொண்டே இருக்கும். மூடி இறுக்கமான சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் கேமரா, லென்ஸ் மாதிரி ஏற்கெனவே காய்ந்திருக்கும் பொருள்களோடு வைத்தால் அதற்குப் பலன் உண்டு. ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகச் சேர்க்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்களை யாரும் போய்ப் பார்க்காத அறையில் வைக்கவே வேண்டாம். டப்பா நிரம்பியோ சாய்ந்தோ அந்த உப்புத் தண்ணீர் கொட்டினால் இரும்பை அரித்துவிடும்.

முதலில் கழிப்பது

எல்லாவற்றையும் கொண்டு போய் வைக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ஒவ்வொரு பெரிய பொருளுக்கும் ஒரு கணக்குப் போடுங்கள்: அது அடைக்கும் இடத்துக்கான மாத வாடகை, எத்தனை மாதம், போகவும் வரவும் இரண்டு முறை ஏற்றி இறக்கும் செலவு. இந்தக் கூட்டுத்தொகை திரும்பி வந்து புதிதாக வாங்கும் விலையைத் தாண்டினால் இப்போதே விற்றுவிடுங்கள், அல்லது தேவைப்படுகிறவருக்குக் கொடுங்கள்.

சில பொருள்களுக்குக் கணக்கே தேவையில்லை. மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு மேசை, அலமாரிகளை ஒரு தடவை பிரித்து மாட்டினாலே ஸ்க்ரூ பிடிமானம் விட்டுவிடும், ஈரம் பட்டால் ஊதிவிடும். செயற்கைத் தோல் வகை சோஃபாவின் பாலியூரிதேன் மேல்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தாலேயே மெல்லச் சிதைந்து செதில் செதிலாக உரியும். உபயோகித்தாலும் உரியும், சும்மா வைத்தாலும் உரியும். ஸ்போர்ட்ஸ் ஷூக்களின் பாலியூரிதேன் அடிப்பகுதியும் அப்படியே. புதிதாக வாங்கிப் போடாமல் வைத்த ஷூ சில வருடம் கழித்துக் காலில் மாட்டியதும் பொடிப்பொடியாக உதிர்வதற்குக் காரணம் இதுதான். இன்வெர்ட்டர் பேட்டரியைச் சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் வைத்தால் செத்துவிடும், உள்ளே அமிலமும் இருக்கிறது. அதை விற்றுவிடுங்கள்.

கேஸ் சிலிண்டர், பெட்ரோல், மண்ணெண்ணெய், பெயின்ட், தின்னர், ஸ்ப்ரே டப்பா, உணவுப் பொருள், செடி, இவற்றைப் பெரும்பாலான ஸ்டோரேஜ் இடங்கள் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் வைக்காதீர்கள். உணவு என்பதில் மசாலாப் பொடியும் நாய்த் தீனியும் அடக்கம். எலிக்கு ஒரே ஒரு பாக்கெட் போதும்.

பாஸ்போர்ட், சான்றிதழ், சொத்துப் பத்திரம், நகை, பணம் எல்லாம் உங்களோடு வரவேண்டும், அல்லது வங்கி லாக்கரில் இருக்க வேண்டும். ஸ்டோரேஜ் ஒப்பந்தத்தில் இவற்றுக்குப் பொறுப்பில்லை என்று வழக்கமாகவே எழுதியிருப்பார்கள்.

அறையைப் பார்க்கும்போது

போனில் பேசி முடிவு செய்யாமல் நேரில் போய்ப் பாருங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். உங்களுக்குத் தரப்போகும் அறையையே திறந்து காட்டச் சொல்லி, உள்ளே நின்று ஒரு நிமிடம் மூச்சை இழுத்துப் பாருங்கள். பழைய துணி வாடை வந்தால் வேறு அறை கேளுங்கள். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். புதிதாகப் பெயின்ட் அடித்து அதை மறைத்திருப்பார்கள், கையால் தடவிப் பார்த்தால் பெயின்ட் உப்பியிருப்பது தெரியும்.

தரைத்தளத்தில் வெள்ள பயம், தகரக் கூரைக்கு நேர் கீழே சூடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள தளம் கிடைத்தால் நல்லது. குளிர்சாதன வசதி உள்ள அறை என்று சொன்னால், வெப்பத்தை மட்டும் கட்டுப்படுத்துகிறார்களா, ஈரப்பதத்தையும் சேர்த்தா, அளவு எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. ஈரப்பதம் 40 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் மரம், காகிதம், துணி எல்லாவற்றுக்கும் ஒத்துவரும்.

பூச்சி மருந்து எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அடிக்கிறார்கள், உங்கள் பொருள்களுக்குக் காப்பீடு யார் எடுக்க வேண்டும், வாடகை பாக்கி வைத்தால் என்ன நடக்கும், இந்த மூன்றையும் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வி சாதாரணமானதல்ல. பாக்கி நீண்டால் பொருளை ஏலம் விடும் உரிமையைப் பல ஒப்பந்தங்கள் அவர்களுக்குக் கொடுக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும்போது வாடகை கட்டும் கார்டு காலாவதியாகி, வந்த கடிதம் பழைய முகவரிக்குப் போய்ச் சேர்ந்தால் உங்களுக்கு விஷயமே தெரியாது. உள்ளூரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரின் பெயரையும் எண்ணையும் இரண்டாவது தொடர்பாகக் கொடுத்துவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு படுக்கையறை வீட்டுச் சாமான் பிரித்து அடுக்கினால் 10க்கு 10 அடி அறைக்குள் வசதியாக அடங்கும். நடுவில் நடந்து போக இடம் வேண்டும் என்பதையும் சேர்த்து எடுங்கள்.

மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்

கடைசி இரண்டு நாளில் எல்லாவற்றையும் திணித்து அனுப்பினால் ஈரம் நிச்சயம். துவைப்பது, கழுவுவது எல்லாம் முதல் வாரம். காய வைப்பதும் பிரித்துப் போடுவதும் இரண்டாவது வாரம். அடுக்குவது மூன்றாவது வாரம், அதுவும் மழை இல்லாத நாளில். வெயிலில் உலர்த்திய துணியையோ இஸ்திரி போட்ட துணியையோ சூடாக இருக்கும்போதே பெட்டியில் வைக்காதீர்கள். ஆறும்போது ஆவி விடும். நிழலில் ஃபேன் காற்றில் ஓரிரு மணி நேரம் பரப்பி வைத்து, குளிர்ந்த பிறகு மடியுங்கள்.

பெட்டிகள் புதிதாக, இரட்டை அடுக்கு அட்டையாக, ஒரே அளவில் இருக்கட்டும். அளவு மாறி மாறி இருந்தால் அடுக்கு நேராக நிற்காது. மளிகைக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் பெட்டிகளில் கரப்பான் முட்டைக்கூடு ஒட்டிக்கொண்டு வரும், வாங்காதீர்கள். பெட்டியைப் பாதி காலியாக விட்டால் மேலே அடுக்கியது அமுங்கி உள்ளே இறங்கும். இடைவெளியைத் தாளால் நிரப்புங்கள். ஒரு பெட்டி 15 கிலோவைத் தாண்ட வேண்டாம். ஒட்டுவதற்கு அகலமான பிரவுன் டேப், அடியில் இரண்டு வரிசை. மெல்லிய செல்லோ டேப் ஒரு கோடையிலேயே காய்ந்து உரிந்துவிடும்.

மரச்சாமானும் மெத்தையும்

மரம் காற்றோடு சேர்ந்து ஈரத்தை இழுக்கும், விடும். பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றினால் அந்தப் போக்குவரத்து நின்று, பாலிஷ் வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்திப் போர்வை அல்லது படுக்கை விரிப்புதான் மரத்துக்கு நல்ல உறை. ஏற்றி இறக்கும்போது இடிபடாமல் இருக்க பபிள் ராப் சுற்றலாம், ஆனால் போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிடுங்கள். பாலிஷ் போட்ட மேற்பரப்பில் மாதக்கணக்கில் விட்டால் குமிழி குமிழியாகத் தடம் விழும், அது போகாது.

கட்டிலையும் சாப்பாட்டு மேசையையும் பிரிக்கும் முன் ஒவ்வொரு மூட்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூக்களை ஜிப் கவரில் போட்டு, எந்தச் சாமானுடையது என்று எழுதி, அதன் காலிலேயே நூலால் கட்டுங்கள். டேப்பால் மரத்தில் ஒட்டினால் பசை ஊறி நிற்கும். பீரோச் சாவி, மேசைச் சாவி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் முன் ஒவ்வொரு மரச்சாமானையும் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டையும், அதன் கீழே மாவு மாதிரிப் பொடியும் இருந்தால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. மருந்து அடித்துப் பொடி விழுவது நின்ற பிறகுதான் அது மற்ற சாமான்களோடு போகலாம். ஒரு நாற்காலிக்காக முழுக் கட்டிலையும் இழக்க வேண்டாம்.

மெத்தையை இரண்டு நாள், இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு வெயிலும் காற்றும் பட விடுங்கள். வருடக்கணக்கில் இறங்கிய வியர்வை அதில் இருக்கிறது. அப்புறம் துணி உறையோ, மெத்தைக்கென்றே விற்கும் காற்றோட்டமுள்ள உறையோ போடுங்கள். என் மெத்தைக்கு நான் செய்த தவறு, துடைத்த அன்றே பிளாஸ்டிக்கில் சுற்றி டேப் ஒட்டியதுதான். படுக்கை வாக்கில் வையுங்கள். நிறுத்தி வைத்தால் ஃபோம் மெத்தை வளைந்து, பிறகு நிமிராது. மேலே தலையணை தவிர எதுவும் வேண்டாம்.

துணி

ஒரு தடவை உடுத்தினேன், அழுக்கே இல்லை என்று வைக்கும் துணியில்தான் ஒரு வருடம் கழித்து மஞ்சள் கறை தெரியும். வியர்வையும் ஜூஸ் தெறித்ததும் முதலில் கண்ணுக்குத் தெரியாது, காற்று பட்டுப் பட்டு நிறம் ஏறும். அதனால் எல்லாவற்றையும் துவைத்துத்தான் வைக்க வேண்டும். கஞ்சி போடக்கூடாது. கஞ்சியிலுள்ள மாவுப்பொருளுக்காக இராமபாணப் பூச்சி வரும், துணியையும் சேர்த்து அரிக்கும். பட்டையும் கம்பளியையும் அரிப்பது வேறு, அந்துப்பூச்சியின் புழு. அதற்கும் வியர்வை பட்ட துணி என்றால் இன்னும் விருப்பம். டிரை கிளீனிங் கடையில் தரும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

அந்துருண்டை பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அது மூடிய பெட்டிக்குள் ஆவி நிறைந்தால்தான் வேலை செய்யும். திறந்த அலமாரியில் நாலு உருண்டை உருட்டிவிட்டால் உங்களுக்குத் தலைவலிதான் மிச்சம். துணியில் நேரடியாகப் படாமல் சின்னத் துணி முடிச்சில் கட்டுங்கள். பிளாஸ்டிக் பொத்தான், பிளாஸ்டிக் பொம்மை மீது பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும். கற்பூரத்தோடு சேர்த்து வைக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் உருகித் துணியில் எண்ணெய்க் கறையாக இறங்கும். குழந்தைத் துணி, தொட்டில் துணி, போர்வை எதிலும் நாஃப்தலின் உருண்டை வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது. நன்றாகத் துவைத்து, முழுக்கக் காய வைத்து, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தாலே பெரும்பாலான துணிகளுக்குப் போதும் என்பது என் அனுபவம்.

காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பைகள் பாலியஸ்டர் ரஜாய்க்குச் சரி. கம்பளி, இறகு நிரப்பிய ஜாக்கெட், தோல் இவற்றை அதில் வருடக்கணக்கில் அமுக்கி வைத்தால் பழைய புசுபுசுப்பு திரும்பாது, மடிப்பு நிரந்தரமாகிவிடும். காலி சூட்கேஸ்களை மறக்காதீர்கள், துணி வைக்க அவையே நல்ல பெட்டிகள்.

சமையலறை

எண்ணெய்ப் பிசுக்குதான் இங்கே எதிரி. அடுப்பு, சிம்னி ஃபில்டர், மிக்ஸியின் அடிப்பாகம் எல்லாம் சோப்பு நீரில் தேய்த்துத் துடைத்துக் காய வேண்டும். அடுப்பின் ரப்பர் குழாயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், திரும்பி வந்து பழைய குழாயில் கேஸ் பற்ற வைப்பது ஆபத்து. குக்கர் கேஸ்கெட்டைக் கழற்றித் தனியாக வைத்து, மூடியைக் கவிழ்த்து வையுங்கள். மிக்ஸி ஜார், ஃபிளாஸ்க், டிஃபன் பாக்ஸ் எதையும் மூடி போட்டு வைக்க வேண்டாம், உள்ளே வாடை பிடித்துவிடும்.

பீங்கான் தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல், புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்குங்கள். அதிர்ச்சியை விளிம்பில் தாங்கும் தட்டு உடைவது குறைவு. பாத்திரத்தை ஒட்டி வெள்ளைத் தாள், அதற்கு வெளியேதான் செய்தித்தாள். மை ஒட்டிக்கொண்டால் பீங்கானின் மெல்லிய விரிசல்களில் இறங்கிவிடும். இரும்புச் சட்டிக்குச் சமையல் எண்ணெய் தடவி வருடக்கணக்கில் வைத்தால் சிக்கு வாடையோடு பசையாகிவிடும். உணவுக்குப் பயன்படுத்தக்கூடிய மினரல் ஆயில் மெல்லிய படலமாகத் தடவினால் துரு ஏறாது.

மின்சாதனங்கள்

ஃப்ரிட்ஜை ஏற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே அணைத்துவிடுங்கள். ஐஸ் உருகி, உட்புறம் துடைத்து, கதவு ரப்பரின் மடிப்புக்குள் விரலில் துணி சுற்றித் துடைத்து, கதவைத் திறந்தபடி காய விட வேண்டும். பெரும்பாலோர் மறப்பது பின்பக்கம் அல்லது அடியில் இருக்கும் தண்ணீர்த் தட்டு. அதிலுள்ள நீரைக் கொட்டுங்கள். அறையில் வைத்ததும் கதவு முழுக்க மூடாதபடி மடித்த துணி ஒன்றை இடையில் செருகி, கதவு அகலமாகத் திறந்துகொள்ளாமல் கயிற்றால் கட்டிவிடுங்கள். ஏற்றும்போதும் வைத்திருக்கும்போதும் நிமிர்த்தியே இருக்கட்டும். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஏறும்.

வாஷிங் மெஷினில் தண்ணீர் இல்லை என்று தோன்றும், இருக்கும். இன்லெட் குழாயைக் கழற்றி வடித்து, முன்பக்கம் திறக்கும் மெஷினானால் கீழே இருக்கும் சின்ன மூடியைத் திறந்து பம்ப் ஃபில்டரையும் வடியுங்கள். ஒரு தட்டத்தைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு டம்ளருக்குக் குறையாமல் கொட்டும். வாங்கியபோது டிரம்மைப் பிடித்திருந்த நீளமான போல்ட்டுகளை எடுத்து வைத்திருந்தால் மறுபடி மாட்டுங்கள், இல்லாவிட்டால் லாரி குலுக்கலில் டிரம் தாங்கிகள் கெடும். கதவு திறந்தே இருக்கட்டும்.

தண்ணீர் சுத்திகரிப்பானின் டேங்கை வடித்து, ஃபில்டர்களைக் கழற்றி எறிந்துவிடுங்கள். தண்ணீரை வடிகட்டும் சவ்வான மெம்பிரேனை, நீங்கள் திரும்பி வந்ததும் புதிதாக மாற்ற வேண்டியதுதான். ஏசியை மெக்கானிக்கிடம் சொல்லி, கேஸை வெளி யூனிட்டுக்குள் இறக்கி வால்வை மூடிக் குழாய் முனைகளை அடைத்துக் கழற்றச் சொல்லுங்கள். டிவி எப்போதும் நிமிர்ந்தே பயணம் செய்ய வேண்டும், படுக்க வைத்தால் பேனல் தன் எடையிலேயே அழுந்தும்.

அடுத்து பேட்டரி. வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து, ரிமோட், சுவர்க்கடிகாரம், டார்ச், பொம்மை, எடைக் கருவி, ரத்த அழுத்தமானி என்று எல்லாவற்றிலும் இருக்கும் செல்களைக் கழற்றிவிடுங்கள். அல்கலைன் செல்லில் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்தால் உள்ளே இருக்கும் உலோகத் தொடுமுனைகளை அரித்துவிடும். லேப்டாப், பழைய போன், பவர் பேங்க் ஆகியவற்றில் இருப்பது லித்தியம். கூடவே எடுத்துப் போவதுதான் நல்லது. உறவினர் வீட்டில் வைப்பதானால் பாதி அளவு சார்ஜோடு, சூடில்லாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். முழுச் சார்ஜோடு வெப்பத்தில் கிடந்தால் உப்பும்.

புத்தகமும் படங்களும்

புத்தகத்தைச் சின்னப் பெட்டியில்தான் அடுக்க வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் யாராலும் தூக்க முடியாது. தூசி தட்டி, ஒரு நாள் ஃபேன் காற்றில் வைத்து, படுக்க வாக்கில் அல்லது முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். தாள் விளிம்பு கீழே போகும்படி வைத்தால் பக்கங்களின் எடை தையலை இழுத்துப் பிரித்துவிடும்.

புகைப்படம் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் மனம் கனக்கிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். பழைய படத்தின் மேல்பரப்பு ஜெலட்டின் படலம். ஈரம் பட்டால் ஜெலட்டின் ஊதிப் பிசுபிசுக்கும், எதிரே இருக்கும் படத்தையோ கண்ணாடியையோ பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு பிரித்தால் உருவம் அதோடு போகும். பூட்டி வைக்கும் முன் எல்லாப் படங்களையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். நேரமில்லை என்றால் வெளிச்சமான ஜன்னலோரம் வைத்துப் போனில் நேராகப் படம் எடுங்கள், அதுவே போதும். ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று சகோதரனோ சகோதரியோ வேறு வீட்டில். அந்தப் பிரதியை ஹார்ட் டிஸ்கில் போட்டு அதே ஸ்டோரேஜ் அறையில் வைக்காதீர்கள். மின்சாரமே படாமல் வருடக்கணக்கில் கிடக்கும் டிஸ்கும் பென்டிரைவும் திறக்கும் என்று நம்ப முடியாது.

ஒட்டும் பசைத் தாள் உள்ள ஆல்பத்திலிருந்து படங்கள் சுலபமாக வந்தால் எடுத்துவிடுங்கள். வராவிட்டால் பலவந்தம் வேண்டாம், அப்படியே பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். புது பிளாஸ்டிக் உறை வாங்கினால் பாலிப்ரொப்பிலீன் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ரெக்சின் நாற்றம் அடிக்கும் பிவிசி உறை படத்தைக் கெடுக்கும். எடுத்த படங்களை அமிலமில்லாத காகித உறையில் வைத்து, முடிந்தால் ஸ்டோரேஜுக்கே அனுப்பாமல் வீட்டு அலமாரி ஒன்று கிடைக்கும் உறவினரிடம் கொடுங்கள். ஒரு ஷூ பெட்டி அளவுதான், யாரும் மறுக்க மாட்டார்கள்.

எண்ணும் குறிப்பேடும்

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண். மேலேயும் இரண்டு பக்கவாட்டிலும் மார்க்கரால் பெரிதாக எழுதுங்கள். உள்ளே இருப்பதைக் குறிப்பேட்டில் எண்ணுக்கு நேராக எழுதுங்கள், பெட்டிமேல் எழுத வேண்டாம். கேமரா, வெள்ளி என்று வெளியே எழுதி வைத்தால் ஏற்றி இறக்கும் எல்லோருக்கும் அது தெரியும். மூடும் முன் திறந்த பெட்டியை எண்ணோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் காப்பீடு கேட்கும்போதும் உதவும். குறிப்பேட்டையும் படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

கடைசிப் பெட்டியாக ஒன்றைத் தனியே கட்டுங்கள்: ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், கத்தரி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒரு பல்பு, இரண்டு படுக்கை விரிப்பு, ஒரு துண்டு. திரும்பி வரும் அன்று இரவுக்கு இது போதும். கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

அறையில் அடுக்குவது

தரையில் நேராக எதையும் வைக்காதீர்கள். மரப் பலகைத் தட்டு, இல்லாவிட்டால் செங்கல் மேல் பலகை போட்டு, தரைக்கும் பெட்டிக்கும் நடுவே காற்று போகட்டும். சுவரிலிருந்து நாலு விரற்கடை இடைவெளி. வெளிச்சுவரை ஒட்டி மெத்தையும் புத்தகமும் வேண்டாம், அங்கே இரும்புச் சாமான் இருக்கலாம். கனமானது கீழே, லேசானது மேலே. தீயணைப்புத் தெளிப்பான் இருந்தால் அதற்குக் கீழே 45 சென்டிமீட்டர் காலியாக இருக்க வேண்டும்.

நடுவில் இரண்டு அடி அகலத்துக்கு ஒரு நடைபாதை விடுங்கள். இடம் வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் நடுவே ஏதோ ஒரு புத்தகமோ குளிர் உடையோ தேவைப்பட்டு ஆள் அனுப்பும்போது, பாதை இல்லாவிட்டால் பாதி அறையை வெளியே எடுத்து வைக்க வேண்டியிருக்கும். எந்த எண் எங்கே என்று ஒரு படம் வரைந்து ஒன்றைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், இன்னொன்றை எடுத்துப் போங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது போய்த் திறந்து பார்த்தால் நிம்மதி. சாவி கொடுத்துவிட்டுப் போகும் நண்பரிடம் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்: வாடை, சுவரின் அடிப்பகுதி, எலிப் புழுக்கை, மெத்தையின் கீழ்ப்பக்கம், ஈரப்பதமானியின் எண். சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை உள்ளே மாட்டி வையுங்கள். வந்து பார்க்கும் நாளில் புதுச் செல் போட்டுக் கால் மணி நேரம் விட்டு, அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண் 65ஐத் தாண்டியே இருந்தால் நிர்வாகத்திடம் அறை மாற்றக் கேட்கலாம்.

திரும்பி எடுக்கும் நாளில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிரிக்க வேண்டாம். மின்சாதனங்களை ஒரு நாள் வீட்டுக் காற்றில் விட்டு அப்புறம் செருகுங்கள். ஃப்ரிட்ஜ் வழியில் சாய்ந்திருந்தால் நிமிர்த்தி ஒரு நாள் நிற்கட்டும். பெட்டியைத் திறந்ததும் பூஞ்சை வாடை வந்தால் அறைக்குள் உதறாமல், முகக்கவசம் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்கோ வராந்தாவுக்கோ எடுத்துப் போய் அங்கே பிரியுங்கள். படங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல், நான் செய்தது போல் நகத்தால் நெம்பாமல், அப்படியே ஒரு காகித உறையில் போட்டு, பழைய படங்களைச் சீரமைக்கத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.